டெட்ராய்ட்: பிகம் ஹியூமன் கேமின் 78 மதிப்பெண்ணை எப்படிப் படிப்பது?

பாளையங்கோட்டையில் விஸ்காம் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “செமினாருக்கு ‘டெட்ராய்ட்: பிகம் ஹியூமன்’ கேமை எடுத்திருக்கேன் அண்ணாச்சி. மெட்டாகிரிட்டிக்கில் 78 போட்டிருக்கு. பாதிப் பேர் ஆகா ஓகோன்னு எழுதியிருக்காங்க, மீதிப் பேர் கிழிகிழின்னு கிழிச்சிருக்காங்க. ஒரே கேமுக்கு ஏன் இப்படி? யார் சொல்றதை எடுத்துக்கிறது? ரிவியூவை மட்டும் வச்சுப் பேசினா போதுமா, விளையாடணுமா? விளையாடணும்னா எங்கிட்ட இருக்கிற லேப்டாப் தாங்குமா?”

விளையாடித்தான் பேச வேண்டும் தம்பி. லேப்டாப் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த 78. கதையின் முடிச்சுகளை அவிழ்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. தெரிந்துகொள்ளாமல் விளையாட நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

இந்த கேமைச் செய்தது பாரிஸில் இருக்கும் குவாண்டிக் ட்ரீம். எழுதி இயக்கியவர் டேவிட் கேஜ், வெளியிட்டது சோனி. 2018 மே 25 அன்று பிளேஸ்டேஷன் 4-க்கு வந்தது. கணினிக்கு 2019 டிசம்பரில் எபிக் ஸ்டோர் வழியாகவும், 2020 ஜூனில் ஸ்டீம் வழியாகவும் வந்தது, இரண்டும் கேம் விற்கும் இணையக் கடைகள். கதை நடப்பது 2038-இல், அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில். சைபர்லைஃப் என்ற கம்பெனி மனித உருவ ஆண்ட்ராய்டுகளை வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் விற்கிறது. அவற்றில் சிலவற்றுக்குத் திடீரென்று தன்னுணர்வு வருகிறது. மூன்று ஆண்ட்ராய்டுகளாக மாறி மாறி விளையாடுகிறோம். கானர், போலீஸுக்கு உதவியாக அனுப்பப்பட்டு, உணர்வு வந்த ஆண்ட்ராய்டுகளைத் தேடிப் பிடிப்பவன். காரா, போதைக்கு அடிமையான தகப்பனிடமிருந்து ஆலிஸ் என்ற சிறுமியைக் காப்பாற்றிக்கொண்டு ஓடுபவள். மார்கஸ், வயதான ஓவியர் ஒருவருக்குப் பணிவிடை செய்து, பிறகு ஆண்ட்ராய்டுகளின் போராட்டத்துக்குத் தலைவனாகிறவன்.

மெட்டாகிரிட்டிக் எண் என்பது பல விமர்சனத் தளங்கள் கொடுத்த மதிப்பெண்களை எடைபோட்டு 100-க்கு எடுத்த சராசரி. 75-உம் அதற்கு மேலும் பச்சை, 50 முதல் 74 வரை மஞ்சள். அதாவது பிளேஸ்டேஷன் பதிப்புக்குக் கிடைத்த 78 பச்சைக்குள் கொஞ்சம்தான் நுழைந்திருக்கிறது. கணினிப் பதிப்புக்கு 80. இதே ஸ்டுடியோவின் 2010-ஆம் வருடத்து ‘ஹெவி ரெயின்’ 87 வாங்கியது. 2013-இல் வந்த ‘பியாண்ட்: டூ சோல்ஸ்’ 70-க்கு இறங்கியது. ஆகவே 2018-இல் எழுதிய விமர்சகர்கள் கையில் இந்த இரண்டு கேம்களும் அளவுகோலாக இருந்தன. ‘பியாண்ட்’ கேமில் நாம் தேர்ந்தெடுப்பது கதையைப் பெரிதாக அசைக்காது என்பது பழைய குறை. அந்தக் குறை இதில் தீர்ந்திருக்கிறதா என்றுதான் பலரும் முதலில் பார்த்தார்கள்.

எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் பெரிய சண்டையே தெரியாது. ஐஜிஎன் 10-க்கு 8 கொடுத்தது, கேம்ஸ்பாட் 7. சண்டை இருப்பது எழுத்தில். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: எண் கொடுக்காத தளங்களின் விமர்சனம் மெட்டாகிரிட்டிக் சராசரியில் சேராது. கோட்டாக்கு எண் கொடுப்பதில்லை, யூரோகேமரும் அந்தக் காலத்தில் எண்ணை விட்டுவிட்டு ‘பரிந்துரை’ மாதிரியான முத்திரை மட்டுமே கொடுத்துவந்தது. இந்த கேம் வரலாற்றைக் கையாண்ட விதத்தைப் பற்றிய நீளமான, கடுமையான கட்டுரைகளில் பல எண்ணே இல்லாதவை. உங்கள் செமினாருக்கு 78-ஐ மட்டும் எடுத்தால் அந்த வாதம் முழுவதும் கணக்குக்கு வெளியே போய்விடும்.

கணக்கில் 96, வரலாற்றில் 60 வாங்கிய பிள்ளையின் சராசரியும் 78தான். இந்த கேமின் நிலைமை ஏறக்குறைய அதுவே. புகழ்ந்தவர்கள் கதை கிளை பிரியும் இயந்திர வேலையையும் நடிப்பையும் பேசுகிறார்கள். திட்டியவர்கள் அந்த இயந்திரத்துக்குள் போட்ட சரக்கைப் பேசுகிறார்கள். இரண்டு தரப்பும் பெரும்பாலும் ஒரே விஷயத்தைப் பற்றிப் பேசவே இல்லை. என் முடிவு: இரண்டு தரப்பும் சரி. ஓர் அறைக்குள் இரண்டு மூன்று பேர் இருக்கும்போது இந்த கேம் மிக உயர்ந்தது. தெருவில் கூட்டம் சேர்ந்தவுடன் சரியத் தொடங்குகிறது.

உயர்வுக்குச் சான்றாக முதல் அத்தியாயத்தையே எடுத்துக்கொள்ளலாம். 2038 ஆகஸ்ட் 15 இரவு. டேனியல் என்ற வீட்டு வேலை ஆண்ட்ராய்டு, எம்மா என்ற சிறுமியைப் பிடித்துக்கொண்டு உயரமான அடுக்குமாடியின் மொட்டைமாடி விளிம்பில் நிற்கிறது. கானராக உள்ளே நுழைகிறோம். நேராக வெளியே போய்ப் பேசலாம். ஆனால் திரையில் ஓரிடத்தில் வெற்றி வாய்ப்பு இத்தனை சதவீதம் என்று ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டைத் துழாவத் துழாவ அது ஏறும். எம்மாவின் அறையில் ஒரு டேப்லெட், அதில் சிறுமியும் அந்த ஆண்ட்ராய்டும் சிரித்துப் பேசும் வீடியோ, அதிலிருந்துதான் அதன் பெயர் டேனியல் என்று தெரியும். இறந்துகிடக்கும் தகப்பன் கையிலிருந்து விழுந்த இன்னொரு டேப்லெட்டில், டேனியலுக்குப் பதிலாகப் புது மாடல் ஒன்றை ஆர்டர் செய்த ரசீது. தன்னை மாற்றப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அது உடைந்துபோயிருக்கிறது. கீழே ஒரு துப்பாக்கி கிடக்கும். எடுக்கலாமா வேண்டாமா என்பது நம் முடிவு. எடுத்துக்கொண்டு, ‘ஆயுதம் இருக்கிறதா?’ என்று டேனியல் கேட்கும்போது பொய் சொல்லலாம், உண்மையும் சொல்லலாம். மொட்டைமாடியில் காயப்பட்ட போலீஸ்காரர் ஒருவர் ரத்தம் வடியக் கிடக்கிறார். அவருக்குக் கட்டுப்போட்டால் டேனியல் கோபப்படும், விட்டுவிட்டால் அவர் செத்துப்போவார்.

இத்தனைக்கும் நடுவில் வாசலருகே உடைந்த மீன் தொட்டியும், தரையில் துடிக்கும் ஒரு மீனும். அதை எடுத்துத் தொட்டியில் போட்டால் வெற்றி வாய்ப்பு ஏறாது. அதற்குப் பதிலாகக் கானரின் ‘மென்பொருள் தடுமாற்றம்’ ஒரு படி ஏறியதாகத் திரை காட்டும். வேலைக்கு உதவாத ஒரு செயலைச் செய்ததால் அவனுக்குள் ஏதோ அசைந்திருக்கிறது என்று ஒரு வசனமும் இல்லாமல் சொல்லிவிடுகிறார்கள். எந்திரம் மனிதனாகிறது என்ற கருவை இந்த முழு கேமிலும் இதைவிட நன்றாகச் சொன்ன இடம் கிடையாது.

அத்தியாயம் முடிந்ததும் ஃபுளோசார்ட் விரிகிறது. நாம் போன பாதை கோடாகத் தெரியும், போகாத கிளைகள் பூட்டிய பெட்டிகளாக நிற்கும். நெட் இணைப்பு இருந்தால், உலக அளவில் எத்தனை சதவீதம் பேர் அதே பாதையில் போனார்கள் என்றும் காட்டும். விமர்சகர்கள் ஏறக்குறைய ஒருமனதாகப் பாராட்டியது இதைத்தான். மற்ற கதை கேம்கள் ‘உங்கள் தேர்வுகளுக்கு விளைவு உண்டு’ என்று வாயால் சொல்லும், இது வரைபடமாகவே விரித்துவைத்தது. எதிர்ப்பும் கொஞ்சம் உண்டு. வரைபடத்தைப் பார்த்ததும் கதை மாயம் கலைந்து, பெட்டிகளைத் திறக்கும் வேலையாகிவிடுகிறது என்றார்கள் சிலர். நியாயமான குறைதான். ஆனாலும் கேம் வடிவமைப்பு படிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைக்காது.

மூவரும் நிஜமாகவே சாகலாம் என்பது அடுத்த பலம். காராவை ஆரம்பத்திலேயே, ஆலிஸின் வீட்டிலேயே, இழந்துவிடலாம். அதன்பிறகு அவள் கதை இல்லை, கேம் மீதி இருவரோடு தொடரும். கானர் மட்டும் செத்தாலும் புது உடலில் அதே நினைவோடு திரும்பி வருவான். ஆனால் ஹேங்க் என்ற வயதான போலீஸ் அதிகாரி அதைச் சும்மா விடமாட்டார், உறவு அங்கே அடிபடும். மகனை இழந்து, ஆண்ட்ராய்டுகளை வெறுத்து, குடியில் மூழ்கியிருக்கும் அந்த ஹேங்குக்கும் கானருக்கும் நடுவே மெல்ல வளரும் ஒட்டுதல்தான் கேமின் இதயம். ஹேங்காக நடித்தவர் கிளான்சி பிரவுன், கானராக பிரையன் டெக்கார்ட். டெக்கார்ட் 2018 கேம் அவார்ட்ஸில் சிறந்த நடிப்புக்கான பட்டியலில் இடம்பெற்றார். சிறந்த கதை, சிறந்த இயக்கம் பட்டியல்களிலும் கேம் இருந்தது. மூன்றில் எதுவும் கைக்கு வரவில்லை, அந்த வருடம் ‘காட் ஆஃப் வார்’, ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ இரண்டும் போட்டியில் நின்றன. இசையையும் சொல்ல வேண்டும்: மூன்று பாத்திரங்களுக்கும் மூன்று தனி இசையமைப்பாளர்கள். காராவுக்கு பிலிப் ஷெப்பர்டு செல்லோவை முன்னிறுத்தினார், கானருக்கு நிமா பக்ராரா, மார்கஸுக்கு ஜான் பேசானோ. கண்ணை மூடிக் கேட்டாலே யார் கதை ஓடுகிறது என்று தெரியும்.

இனி மறுபக்கம். டெட்ராய்ட் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் கறுப்பின மக்கள் வாழும் நகரம். அடிமை முறையிலிருந்து தப்பியவர்கள் ஆற்றைக் கடந்து கனடாவுக்குப் போன பாதையின் கடைசி நிறுத்தங்களில் ஒன்று. 1967-இல் பெரும் கலவரம் கண்டது. 2013-இல் நகராட்சியே திவாலானது. இந்த ஊரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அமெரிக்காவில் ஒருகாலத்தில் கறுப்பினத்தவருக்குச் செய்ததுபோலப் பேருந்தின் பின்பக்கம் ஆண்ட்ராய்டுகளுக்குத் தனி அறை வைக்கிறார்கள். அவற்றின் உடையில் நீல முக்கோணம், கையில் நீலப் பட்டை, நெற்றியோரம் ஒளிவளையம். ரோஸ் என்ற கறுப்பினப் பெண் ஆண்ட்ராய்டுகளை ஒளித்துவைத்துக் கனடாவுக்கு அனுப்புகிறார். கடைசியில் ஆண்ட்ராய்டுகளை முகாமுக்குக் கொண்டுபோய் ஆடை களைந்து வரிசையில் நிறுத்தி அழிக்கிறார்கள், நாஜி வதைமுகாமின் காட்சி அப்படியே. இவ்வளவையும் வைத்துவிட்டு, இது ஆண்ட்ராய்டுகளின் கதைதான், ஒப்புமை பார்ப்பவர்கள் பார்த்துக்கொள்ளலாம் என்ற பாங்கில் கேஜ் பேட்டிகளில் பேசினார். விமர்சகர்களின் கோபம் இங்கேதான் ஏறியது. உண்மையான மக்களின் துயரத்திலிருந்து அடையாளங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் காரணங்களைப் பற்றிப் பேசாமல் நழுவுகிறார் என்பது குற்றச்சாட்டு.

அதைவிட ஆழமான குறை தர்க்கத்தில் இருக்கிறது. நிறத்தை வைத்து ஒடுக்கியவர்கள், எதிரே நிற்பவன் வேறு வகை உயிர் என்று பொய் சொல்லித்தான் ஒடுக்கினார்கள். ஆண்ட்ராய்டு உண்மையிலேயே வேறு வகை: உணவு வேண்டாம், பாகம் மாற்றலாம், ஒரு கம்பெனி தயாரித்தது. ஒப்புமை நிற்க வேண்டுமானால் அந்தப் பொய்யை உண்மை என்று ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அடுத்து, மார்கஸ் தெருவில் நடந்துபோகும் அத்தியாயத்தில், கையை நீட்டினாலே வழியில் நிற்கும் ஆண்ட்ராய்டுகள் விழித்துக்கொண்டு பின்னால் வருகின்றன. காராவும் மார்கஸும் கட்டளைச் சுவரை ஒவ்வொரு அடியாக உடைத்து வெளியே வந்ததை ஆரம்பத்தில் நாமே பொத்தானை அழுத்தி உணர்ந்தோம். அந்த விடுதலையை இப்போது தலைவர் ஒரு கையசைப்பில் பகிர்ந்து கொடுக்கிறார். கேம் தன் சொந்தக் கருவையே அங்கே காலி செய்துவிடுகிறது.

போராட்டப் பகுதியில் ஒரு மக்கள் ஆதரவு அளவி உண்டு. பொருளை உடைத்தால், ஆளைத் தாக்கினால் இறங்கும். அமைதியாக நின்றால், அடிவாங்கினால் ஏறும். முடிவில் மார்கஸின் கூட்டத்தைத் துப்பாக்கிகள் சூழ்ந்து நிற்கும்போது, ஆதரவு போதுமான அளவு இருந்தால், அவர்கள் பாடுவதைப் பார்த்தோ மார்கஸ் தன் காதலியை முத்தமிடுவதைப் பார்த்தோ படைகள் நின்றுவிடும். அமைதியாக நடந்தால் பார்ப்பவர் மனம் இரங்கும், மனம் இரங்கினால் உரிமை கிடைக்கும் என்பது கேமின் சூத்திரம்.

இந்தச் சூத்திரத்தை அளந்து பார்க்க அமெரிக்க விமர்சகர்களைவிட நெல்லைச் சீமைக்காரர்களுக்கு அருகிலேயே சான்று இருக்கிறது. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலை தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலி உயர்வுக்காகவும், சிறையில் இருந்தவர்களை விடுவிக்கவும் கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலகத்தை நோக்கி ஊர்வலம் போனது. போலீஸ் தடியடி, ஓட வழியில்லாமல் தாமிரபரணிக்குள் இறங்கினார்கள், 17 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெண்களும் ஒரு குழந்தையும் உண்டு. மனு கொடுக்கப் போன ஊர்வலம் அது. அன்றைக்கு எந்த அளவியும் ஏறிப் படையை நிறுத்தவில்லை. உங்கள் வகுப்பில் பாதிப் பேர் அங்கேயுள்ள ஆற்றுப் பாலத்தைக் கடந்துதான் வருவார்கள். இதைச் சொன்னால், கேம் எந்த இடத்தில் எளிமைப்படுத்துகிறது என்று கூடுதல் விளக்கம் இல்லாமல் புரியும். சொல்லும்போது மரியாதையோடு, ஒரே ஒருமுறை சொல்லுங்கள். படம் போட வேண்டாம்.

அடையாளப் பட்டையையும் இதே கண்ணால் பார்க்கலாம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவனும் அவன் தங்கையும் சக மாணவர்களால் வெட்டப்பட்ட பிறகு, அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், பள்ளிகளில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது அந்தக் குழு. கேமில் பட்டை ஒடுக்கப்பட்டவர் கையில் மேலிருந்து மாட்டப்பட்டது. நம் பள்ளிகளில் கயிறு பெருமை என்று நினைத்துத் தானாகக் கட்டிக்கொள்வது. ஒருவரை ஒருவர் படிப்படியாகக் கீழே வைக்கும் ஏற்பாட்டில் அடையாளம் இரண்டு திசையிலும் வேலை செய்யும். மனிதன், ஆண்ட்ராய்டு என்று இரண்டே தட்டு வைத்திருக்கும் இந்த கேமால் அதைக் காட்ட முடியவில்லை. பேருந்தில் பின்னறை என்ற காட்சியும் அப்படித்தான். 1997-இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு, பட்டியல் சாதியைச் சேர்ந்த விடுதலை வீரர் வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்ததற்கே தென்மாவட்டங்கள் பற்றி எரிந்து, கடைசியில் எல்லாக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை அரசு எடுக்க வேண்டி வந்தது. பேருந்தின் நெற்றியில் இருந்த ஒரு பெயருக்குப் பின்னால் நிலமும் கூலியும் அதிகாரமும் இருந்தன. கேமில் அந்த ‘பின்னால்’ இல்லை, பேருந்து மட்டும் இருக்கிறது. ஆண்ட்ராய்டுகள் வந்து வேலை போன மனிதர்களைத் தொடக்கத்தில் தெருவில் காட்டுகிறார்கள். அந்த இழையைப் பிடித்துப் போயிருந்தால் காரணம் கிடைத்திருக்கும். கேம் அதை அங்கேயே விட்டுவிடுகிறது.

மற்ற குறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வசனம் பல இடங்களில் நேரடியாக, முழங்கும் தொனியில் இருக்கிறது. தேர்வுகளுக்கு ஒற்றைச் சொல் மட்டும் காட்டுவதால், அழுத்தியபின் பாத்திரம் நாம் நினைக்காத எதையோ பேசும். ஆலிஸும் ஆண்ட்ராய்டுதான் என்ற திருப்பம், மனிதக் குழந்தைமேல் எந்திரம் கொண்ட தாயன்பு என்ற அரிய விஷயத்தைக் கெடுத்துவிட்டது என்றார்கள் பலர். நானும் அதை ஒத்துக்கொள்கிறேன். பெண் பாத்திரங்களுக்குத் திரும்பத் திரும்ப உடல் ரீதியான ஆபத்தையே கதைச் சம்பவமாக வைப்பதும் கண்டிக்கப்பட்டது. 2017 அக்டோபரில் பாரிஸ் கேம்ஸ் வீக்கில் வெளியிட்ட டிரெய்லர், தகப்பன் குழந்தையை அடிக்கும் இரவைக் காட்டியது. குடும்ப வன்முறையைக் கேளிக்கையாக்குகிறார்கள் என்று பிரிட்டனில் எதிர்ப்பு எழுந்தது. முழு அத்தியாயத்தையும் விளையாடினால் அது அவ்வளவு மலிவாக இல்லை. காரா அசையக்கூடாது என்ற கட்டளையை உடைக்கும் கணம் உண்மையான கனத்தோடு வருகிறது. டிரெய்லரை வைத்து எழுதியதையும் கேமை வைத்து எழுதியதையும் நீங்கள் பிரித்துப் படிக்க வேண்டும்.

இன்னொரு விஷயமும் ரிவியூக்களின் பின்னணியில் இருந்தது. 2018 ஜனவரியில், கேம் வருவதற்கு நான்கு மாதம் முன்பு, லெ மோந்த், மீடியாபார், கனார் பிசி என்ற மூன்று பிரெஞ்சு வெளியீடுகள் ஸ்டுடியோவின் பணிச்சூழலைப் பற்றிக் கட்டுரைகள் வெளியிட்டன. ஸ்டுடியோ மறுத்தது. விஷயம் நீதிமன்றத்துக்குப் போய், வேறு வேறு வழக்குகளில் வேறு வேறு தீர்ப்புகள் வந்தன. செமினாரில் இதைத் தொட்டால் ‘குற்றச்சாட்டு’, ‘மறுப்பு’ என்ற இரண்டு சொல்லையும் சேர்த்தே சொல்லுங்கள்.

வாங்கியவர்கள் தரப்பு வேறு. முதல் இரண்டு வாரத்திலேயே பத்து லட்சம் பேர் விளையாடினார்கள். ஸ்டீமில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நல்லபடியாகவே எழுதியிருக்கிறார்கள். இதை வைத்து ‘விமர்சகர்கள் தவறு, மக்கள் சரி’ என்று முடிவுகட்ட வேண்டாம். ஸ்டீமில் எழுதுபவர், இந்த வகைக் கதை பிடிக்கும் என்று தெரிந்து, பெரும்பாலும் தள்ளுபடியில் வாங்கி, கானரையும் ஹேங்கையும் முன்பே யூடியூபில் பார்த்துப் பழகியவர். அவர் பதில் சொல்லும் கேள்வி ‘எனக்குப் பிடித்ததா’ என்பது. விமர்சகர் முதல் வாரத்தில், முழு விலைக்கு, எல்லா வகை வாசகருக்கும் எழுதுகிறார்.

இனி லேப்டாப். கணினிப் பதிப்புக்குக் குறைந்தபட்சம் 64 பிட் விண்டோஸ் 10, இன்டெல் ஐ5-2300 அளவிலான பிராசசர், 8 ஜிபி ராம், 3 ஜிபி நினைவகம் உள்ள என்விடியா ஜிடிஎக்ஸ் 780 போன்ற கிராபிக்ஸ் கார்டு, 55 ஜிபி இடம் கேட்கிறார்கள். நன்றாக ஓட 12 ஜிபி ராமும் ஜிடிஎக்ஸ் 1060-உம் வேண்டும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத சாதாரண ஆபீஸ் லேப்டாப் என்றால் முயற்சியே வேண்டாம். உள்ளிருக்கும் கிராபிக்ஸ் அந்த 8 ஜிபி ராமிலிருந்தே பங்கு எடுத்துக்கொள்ளும், பேசும் காட்சிகளே திக்கித் திக்கி வரும்.

வாங்கும் முன் இலவச டெமோவைப் போட்டுப் பாருங்கள். அதில் மேலே சொன்ன மொட்டைமாடி அத்தியாயம் முழுதாக இருக்கிறது. அது சீராக ஓடினால் மீதியும் பெரும்பாலும் ஓடும். மழையும் கூட்டமும் வரும் காட்சிகள் மட்டும் கொஞ்சம் கனம்.

முழு கேமும் இறங்க, 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பில் கணக்குப்படி ஒன்றேகால் மணி நேரம், நடைமுறையில் இரண்டு மணி வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 2 ஜிபி மொபைல் பேக்கில் என்றால் நான்கு வாரம், அந்த வழி சரிப்படாது. கரண்ட் போனால் பயப்பட வேண்டாம், ஸ்டீம் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

முதல்முறை திறக்கும்போதுதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். இந்த கேம் வல்கன் என்ற கிராபிக்ஸ் முறையில் ஓடுவதால், தொடக்கத்தில் உங்கள் கார்டுக்கு ஏற்ப ஷேடர்களை, அதாவது காட்சிக்கு ஒளியும் நிறமும் கொடுக்கும் சிறு நிரல்களை, தயாரிக்கும், திரையில் ஒரு பட்டை நகரும். பழைய பிராசசரில், அதுவும் ஹார்டு டிஸ்க்கில், இது வெகுநேரம் பிடிக்கும். தொங்கிவிட்டது என்று நினைத்துப் பாதியில் மூடிவிடாதீர்கள். கிராபிக்ஸ் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளைப் புதுப்பித்தால் மறுபடி முதலிலிருந்து தயாரிக்கும். ஆகவே டிரைவரை முதலில் புதுப்பித்துவிட்டு கேமைத் திறப்பதுதான் முறை. நம்மூர் வெயிலில் மதிய நேரம் லேப்டாப் சூடேறித் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஃபிரேம் வேகத்தை, அதாவது நொடிக்கு எத்தனை படம் என்பதை, 30-க்குக் கட்டுங்கள். இந்த கேமுக்கு 30 போதும், பிளேஸ்டேஷன் 4-இல் எல்லோரும் அப்படித்தான் விளையாடினார்கள். கீபோர்டு மவுஸில் ஓடும் என்றாலும் கன்ட்ரோலர் இருந்தால் அதையே எடுங்கள். கதவைத் திறப்பது, ஆளைத் தூக்குவது எல்லாம் கட்டைவிரல் அசைவுக்காக வடிவமைத்தவை.

ஒருமுறை முழுதாக முடிக்க 10 முதல் 12 மணி நேரம் ஆகும். முதல் ஓட்டத்தில் எதையும் திருத்தாமல், செத்தால் செத்தது என்று போய்விடுங்கள். ‘எக்ஸ்பீரியன்ஸ்டு’ நிலையைத் தேர்ந்தெடுங்கள், ‘கேஷுவல்’ நிலையில் பாத்திரங்கள் எளிதில் சாகமாட்டார்கள், கிளைகளின் கனம் தெரியாது. இரண்டாம் முறை, ஃபுளோசார்ட்டிலிருந்து அத்தியாயத்தை மறுபடி தொடங்கும்போது சேமிப்போடு விளையாடவா, சேமிக்காமல் விளையாடவா என்று கேட்கும். கிளைகளைச் சோதித்துப் பார்க்கச் சேமிக்காததையே எடுங்கள். இல்லையென்றால் உங்கள் அசல் கதை மாறி, பிந்தைய அத்தியாயங்கள் எல்லாம் புரண்டுவிடும்.

செமினாரில் நேரலையாக விளையாட நினைக்காதீர்கள். புரொஜெக்டரில் ஒலி பிந்திவரும், குறித்த நொடியில் பொத்தானை அழுத்த வேண்டிய இடங்களில் தவறிவிடும். முன்கூட்டியே பதிவுசெய்த மூன்று துண்டுகள் போதும்: மொட்டைமாடி அத்தியாயத்தில் மீனைக் காப்பாற்றியதும் காப்பாற்றாததும், அதன் ஃபுளோசார்ட், பிறகு மார்கஸின் ஊர்வலத்தில் கையசைக்கும் இடம். இரண்டாவதில் இயந்திர வேலையையும் மூன்றாவதில் கதையின் சரிவையும் பேசலாம். இது ஐரோப்பிய பெகி முறைப்படி 18 வயதுக்கு மேற்பட்டோருக்கான கேம். ஹேங்க் வரும் காட்சிகளில் கெட்ட வார்த்தை நிறைய, ஒலியைக் குறைத்துவைத்து வசனவரியை மட்டும் காட்டுங்கள். தமிழ் வசனவரி கிடையாது, ஆங்கில வரிக்குக் கீழே உங்கள் மொழிபெயர்ப்பை ஸ்லைடிலேயே போட்டுவிடலாம். ஆண்ட்ராய்டுகளைப் பாலியல் தொழிலுக்கு வாடகைக்கு விடும் ஈடன் கிளப் வரும் அத்தியாயத்தை வகுப்பில் காட்ட வேண்டாம். ஆலிஸ் வீட்டு இரவைக் காட்டுவதாக இருந்தால், குழந்தையை அடிக்கும் காட்சி வருகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, வெளியே போக நினைப்பவர்களுக்கு அரை நிமிடம் கொடுத்துப் பிறகு ஓடவிடுங்கள்.